ஆள் இருக்கிறது, வேலை ஓடவில்லை: டெல்டா கடைகளுக்கும் ஆலைகளுக்கும் அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

கும்பகோணத்தில் பாத்திரக் கடை, திருவாரூரில் ஜவுளிக் கடை, மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை, தஞ்சாவூரில் ஸ்கேன் சென்டர். பத்துப் பேரிலிருந்து அறுபது பேர் வரை வேலை பார்க்கும் இந்த மாதிரி இடங்களில் ஊழியர்களைக் கவனிக்க என்று தனியாக ஓர் அதிகாரி கிடையாது. முதலாளி இருப்பார், ஒரு மேனேஜர் இருப்பார், இல்லையென்றால் கணக்குப்பிள்ளை. இது அவர்களுக்கு எழுதியது. நான் இப்படிப்பட்ட இடங்களுக்குச் சம்பளக் கணக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்கும் எழுதிக் கொடுப்பவன். ஊழியர்களுக்கு மனசு விட்டுப்போனால் முதலாளிக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அது முதலில் விழுவது வருகைப் பதிவேட்டிலும் அட்வான்ஸ் நோட்டிலும்தான்.

தொடங்கும் முன் மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை: கடந்த ஒரு வருட வருகைப் பதிவேடு, ஒவ்வொரு மாதமும் சம்பளம் உண்மையில் கைக்குப் போன தேதி, அட்வான்ஸ் நோட்டு, வேலையை விட்டு நின்றவர்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் யார் கீழே வேலை பார்த்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் அறிகுறியைக் கீழே தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அந்தக் கூலியில் சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுகிறது. பழைய தொகையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் நிறைய. சம்பளம் சரியாகவே இருந்தும் வேலை ஓடாத இடங்களில் நான் அதிகம் பார்த்த கோளாறு ஒன்றுதான்: எது எப்போது நடக்கும் என்று ஊழியருக்குத் தெரியாது. சம்பளம் எந்தத் தேதி, லீவு கிடைக்குமா, இன்றைக்கு யார் எதற்குத் திட்டுவார், போனஸ் எவ்வளவு, எதுவும் தெரியாது.

அறிகுறி: சொல்லாமல் லீவு போடுகிறார்கள்

எத்தனை நாள் என்று எண்ணாதீர்கள், எந்தெந்த நாள் என்று பாருங்கள். பதிவேட்டுக்குப் பக்கத்தில் தினசரி காலண்டரை வைத்துக்கொள்ளுங்கள். லீவு வருடம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறதா, சில வாரங்களில் குவிகிறதா?

நம் பக்கத்தில் பெரும்பாலும் குவியும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் வாரங்களில் குறுவை வேலை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பும் தாளடி நடவும் ஒன்றன் மேல் ஒன்று விழும். தை, மாசியில் சம்பா அறுவடை. உங்கள் கடையில் பில் போடும் தம்பியின் வீட்டில் இரண்டு மா நிலம் குத்தகைக்கு ஓடும். அறுப்பு மெஷின் அவர்கள் வயலுக்கு என்றைக்கு வரும் என்பது முந்தின நாள் ராத்திரிதான் தெரியும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, மழை தூறினால் தார்ப்பாய் போட்டு மூடி, முறை வரும்வரை யாராவது காவல் கிடக்க வேண்டும். அப்பாவுக்கு வயதாகியிருந்தால் அந்த யாராவது இவர்தான். ‘காய்ச்சல் அண்ணே’ என்று அவர் போனில் சொல்வது, உண்மையைச் சொன்னால் லீவு கிடைக்காது என்பதால்.

அடுத்துப் பார்க்க வேண்டியது: முன்கூட்டிச் சொல்லி லீவு எடுத்தவருக்கும் சொல்லாமல் நின்றவருக்கும் உங்கள் கடையில் என்ன வித்தியாசம்? பல இடங்களில் வித்தியாசமே இல்லை. இரண்டு பேருக்கும் அதே திட்டு, அதே சம்பளப் பிடித்தம். இன்னும் மோசமான இடங்களில், கேட்டவருக்கு ‘முடியாது’ என்ற பதிலும் கேட்காதவருக்கு லீவும் கிடைக்கிறது. அப்புறம் யார் கேட்பார்கள்?

சரிசெய்ய: சித்திரையிலேயே ஒரு தாளை நேரப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொருவரும் அந்த வருடம் தவிர்க்க முடியாத நாள்களை எழுதட்டும்: குலதெய்வத் திருவிழா, வீட்டு விசேஷம், வேளாங்கண்ணிக் கொடியேற்றம், நாகூர் கந்தூரி, எதுவானாலும். ஒரே பிரிவில் இரண்டு பேர் ஒரே நாளை எழுதினால் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள், நீங்கள் நுழைய வேண்டியதில்லை. அறுப்புக்கு மட்டும் தேதி கேட்காதீர்கள். ‘காலை ஏழு மணிக்குள் போன் செய்தால் போதும்’ என்று சில நாள்களைத் தனியாக ஒதுக்குங்கள். அந்தப் போன் வரும்போது எடுப்பவர் பெருமூச்சு விடாமல் ‘சரிப்பா’ என்று சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் கடினமான பகுதி அதுதான்.

இதெல்லாம் நீங்கள் போடும் பிச்சையும் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. வாரம் ஒரு நாள் விடுமுறை, ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு, அது போக நோய்க்கும் அவசரத்துக்கும் தனி விடுப்பு எல்லாம் அதில் இருக்கின்றன.

லீவு குவியாமல் வருடம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் காரணம் வயல் இல்லை. ‘பேச்சு நின்றுபோகிறது’ என்ற அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: சம்பளம் கூட்டியும் முகம் மலரவில்லை

1950களின் கடைசியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டார்கள். (எங்கள் தொழில்காரர்களைக் கேட்டதாலோ என்னவோ எனக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை.) வேலையில் வெறுப்பு உண்டாக்குபவையும் விருப்பம் உண்டாக்குபவையும் வேறு வேறு என்றது அந்த ஆய்வு. சம்பளம், மேற்பார்வை, வேலை பார்க்கும் இடத்தின் நிலை ஆகியவை சரியில்லாவிட்டால் மனம் கசக்கும். சரியாக இருந்தால் கசப்பு நீங்கும், அவ்வளவுதான். ஈடுபாடு வருவது சாதித்தோம் என்ற உணர்விலும், அங்கீகாரத்திலும், பொறுப்பு கைக்கு வருவதிலும். பிறகு வந்தவர்கள் இதில் நிறையக் குறை கண்டார்கள். ஆனாலும் கடைத்தெருவில் நான் பார்ப்பதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

ஆகவே தொகையை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். சம்பளம் கைக்குப் போன தேதிகளை வரிசையாக எழுதுங்கள். 5, 9, 7, 12, 6 என்று ஆடினால் கோளாறு அங்கேதான். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். 12ஆம் தேதி கொடுத்த ஆயிரம் ரூபாய் உயர்வு, அந்த ஐந்து நாளுக்கு வாங்கிய கைமாற்றின் வட்டியிலும் அதற்குப் பட்ட அவமானத்திலும் கரைந்துவிடும். ‘இப்ப எட்டாயிரம் வச்சுக்க, மீதியை வெள்ளிக்கிழமை பார்ப்போம்’ என்று பிய்த்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

இரண்டாவது, புதிதாக வந்தவருக்கு என்ன சம்பளம்? ஆள் கிடைக்காத அவசரத்தில் புதியவருக்குப் பழையவரைவிட ஐந்நூறு கூடக் கொடுத்திருப்பீர்கள். யாருக்கும் தெரியாது என்று நினைப்பீர்கள். அன்று மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பழையவரை அதே அளவுக்கு உயர்த்துவதைத் தவிர இதற்கு வேறு வழி நான் பார்த்ததில்லை.

அறிகுறி: அட்வான்ஸ் கேட்பது ஏறிக்கொண்டே போகிறது

யார் கேட்கிறார்கள், எந்தக் கிழமை என்று நோட்டைப் பாருங்கள். பெண்கள் ஒரே கிழமைக்கு முந்தின நாள் கேட்டால் அது குழுக்கடன் தவணை. ஜூனில் ஏறினால் பள்ளிக்கூடக் கட்டணம். ஆடியிலும் தீபாவளியை ஒட்டியும் ஏறினால் மகளுக்குச் சீர். இவை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டித் தேதி தெரியும். வருடத்தில் இரண்டு முறை, சொன்ன தேதியில், சொன்ன அளவுக்கு வட்டியில்லாத முன்பணம் என்று வைத்துவிட்டால் கூசிக் கூசிக் கேட்பது நின்றுவிடும்.

ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்கிறார்களா? அப்படியானால் உங்கள் இ.எஸ்.ஐ. பதிவைப் பாருங்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம் போகிறது. மாதாமாதம் பணம் போகிறது, ஆனால் தன் பெயரில் அட்டை இருப்பதோ எந்த மருந்தகத்துக்குப் போக வேண்டும் என்பதோ ஊழியருக்குத் தெரியவில்லை. இந்தக் கூத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஒரு மதிய நேரம் உட்கார வைத்து அட்டையை எடுத்துக் கொடுத்து, வீட்டு ஆள்களின் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் நோட்டு உங்களிடம் மட்டும் இருந்தால் அதுவே ஒரு கோளாறு. அவரிடமும் ஒரு நோட்டு இருக்கட்டும், பிடிக்கும்போதெல்லாம் இரண்டிலும் எழுதுங்கள். பொதுவாகப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். என்னைக் கேட்டால் கால் பங்குக்கு மேல் பிடிக்கும் மாதம் ஆபத்தான மாதம். அவர் வெளியே இன்னொரு கடன் வாங்கப் போகிறார்.

நல்ல வேலைக்காரரை நிறுத்தி வைக்கப் பெரிய அட்வான்ஸாகக் கொடுத்து வைக்கலாம் என்று சில முதலாளிகள் யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். கடனைக் காட்டி ஒருவர் வேலையை விட்டுப் போக முடியாமல் செய்வது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். அதை விடுங்கள், அப்படி நிற்பவர் கைதான் வேலை செய்யும், கண் வாசலில் இருக்கும்.

அறிகுறி: மதியத்துக்கு மேல் சிடுசிடுப்பு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கை ஓடவில்லை

இது மனசுக் கோளாறு இல்லை, கால் கோளாறு. காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவர் நாலு மணிக்கு வாடிக்கையாளரிடம் சிரிக்க மாட்டார். ஜவுளிக் கடை, நகைக் கடை போன்ற இடங்களின் ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018லேயே செய்தது. உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கும். அதில் துணிமூட்டை இருக்கிறதா, ஆள் உட்கார்ந்திருக்கிறாரா? யாரும் உட்காராவிட்டால், உட்கார்ந்தால் யார் முறைக்கிறார் என்று பாருங்கள். மேனேஜரே கல்லாவுக்கு வெளியே வந்து எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் இந்தப் பிரச்சினை ஒரு வாரத்தில் தீரும்.

அடுத்தது கழிவறை. பெண் ஊழியர்கள் தண்ணீர் பாட்டிலை நிரம்பிய மாதிரியே வீட்டுக்கு எடுத்துப் போகிறார்களா? போகிறார்கள் என்றால் கழிவறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள், குப்பைக் கூடை, தண்ணீர் மூன்றும் இருக்க வேண்டும். இதற்குமேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

ராத்திரித் தொய்வுக்குக் காரணம் வேறு: கடைசி டவுன் பஸ். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். உங்கள் கடைப் பெண்களின் வரவு செலவே அந்தப் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறது. அது போய்விட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அன்றைய கூலியில் பெரும் துண்டு. அதோடு கிராமத்து முக்கு ரோட்டிலிருந்து இருட்டில் நடக்க வேண்டும். ஒவ்வொருவரின் கடைசிப் பஸ் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குக் கால் மணி முன்னால் அவரை விடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் அது முடியாதென்றால் வேன் உங்கள் செலவு.

அறிகுறி: ஒருவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுபோகிறது

அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். பெரும்பாலும் மேனேஜரோ, மேஸ்திரியோ, உங்கள் மச்சினரோ. வேலையை விட்டு நின்றவர்களின் பட்டியலை இப்போது எடுங்கள். பாதிப் பெயர்களுக்கு எதிரே ஒரே பெயர் இருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

அவர் கெட்டவர் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பல இடங்களில் நன்றாக வேலை தெரிந்தவரை மேஸ்திரி ஆக்கியிருப்பார்கள், ஆள்களை நடத்த யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் வேலையாளாக இருந்தபோது பார்த்த ஒரே முறை, அவரை நடத்திய முறைதான். அவரிடம் மூன்று விதிகளை மட்டும் சொல்லுங்கள்: தவறைச் சொல்வது தனியாக, வேலையைப் பற்றி மட்டும், அன்றைக்கே. நேற்றைய தப்பை இன்று எடுக்கக் கூடாது, பிறப்பையும் வீட்டையும் இழுக்கவே கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆலையில் டீ டம்ளர் எல்லாருக்கும் ஒன்றா? மதியம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? புதிதாக வந்த பையனிடம் ‘எந்தத் தெரு?’ என்று கேட்பது யார், அந்தக் கேள்விக்குப் பிறகு அவனுக்கு என்ன வேலை கொடுக்கப்படுகிறது? மூட்டை தூக்குவதும் கழிவறை கழுவுவதும் எப்போதும் ஒரே ஊர்ப் பையன்களுக்கே விழுந்தால் நீங்கள் எத்தனை இனிப்புப் பெட்டி கொடுத்தாலும் மனசு ஒட்டாது. 1940களில் இந்தப் பழைய தஞ்சை மாவட்டத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் பண்ணையாள்களை ஒன்று சேர்த்தபோது, கூலிக்குச் சமமாக முன்னால் நின்ற கோரிக்கை சவுக்கடியும், தண்டனையாகச் சாணிப்பால் குடிக்க வைப்பதும் ஒழிய வேண்டும் என்பது. அந்தப் பண்ணையாள்களின் பேரனும் பேத்தியும்தான் இன்று உங்கள் கவுன்ட்டரில் நிற்கிறார்கள். அவர்கள் எதை மறக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: வேலைகளைச் சுழற்சியில் எழுதி ஒட்டுங்கள். டம்ளரை ஒன்றாக்குங்கள். மாதம் ஒரு நாளாவது அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தனி இலை வேண்டாம். மச்சினர்தான் காரணம் என்றால் அவரை ஆள் பார்க்கும் வேலையிலிருந்து கொள்முதலுக்கு மாற்றுங்கள். வீட்டில் சண்டை வரும்தான்.

பெண்கள் மட்டும் பேச்சை நிறுத்தினால், அல்லது ஒரு குறிப்பிட்ட ஷிப்டுக்கு மட்டும் மாட்டேன் என்றால், இதை நீங்களே விசாரித்து முடிக்கப் பார்க்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். பத்துப் பேர் இல்லாத இடத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. ‘கூப்பிட்டுச் சமாதானம் பண்ணி வச்சேன்’ என்று முதலாளி சொல்லும் இடத்தில் அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் பெயர் என் பட்டியலிலிருந்து போய்விடுகிறது.

அறிகுறி: வடமாநில ஆள்கள் ஊருக்குப் போனால் திரும்புவதில்லை

ஆலைக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. பீகார்க்காரர்களுக்குத் தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜை நம் பொங்கல் மாதிரி. போயே தீர்வார்கள். நீங்கள் லீவை இழுத்தடித்துக் கடைசி வாரம் ‘சரி’ என்றால், முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு நாள் நின்றுகொண்டு போனவர் திரும்பி வர யோசிப்பார். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஆகவே ஆவணியிலேயே தேதியைச் சொல்லிவிடுங்கள், திரும்பும் டிக்கெட்டை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். பாக்கிச் சம்பளத்தைப் பிடித்து வைத்தால் திரும்பி வருவார்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பாக்கியை விட்டுவிட்டுத் திருப்பூர் போய்விடுவார்கள்.

அறிகுறி: போனஸ் வாங்கிய மறுவாரம் ஆள் நிற்கிறது

அவர் முடிவெடுத்தது ஆடியில். போனஸுக்காகக் காத்திருந்தார், அவ்வளவே. சட்டம் பொருந்தும் இடத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அந்த ஆண்டில் 30 நாள் வேலை பார்த்தாலே உரிமை உண்டு. ‘தீபாவளிக்கு இருந்தால்தான் போனஸ்’ என்ற மிரட்டலால் பயன் இல்லை. தொகையை ஆவணியிலேயே, கணக்கோடு சொல்லிவிடுங்கள். கவரைப் பிரிக்கும் வரை தெரியாமலிருப்பதில் முதலாளிக்கு ஒரு சந்தோஷம் உண்டு, வாங்குபவருக்குக் கிடையாது. நின்றவரைக் காரணம் கேட்பதானால் அன்றைக்குக் கேட்காதீர்கள், ‘சொந்தப் பிரச்சினை சார்’ என்பார். தைப் பொங்கலுக்குப் போன் செய்து விசாரியுங்கள். அப்போது சொல்வார்.

சின்ன அறிகுறிகள்

வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எது போட்டாலும் கட்டைவிரல் மட்டும் வருகிறது: ராத்திரி பத்து மணிக்குச் செய்தி போடுவதை நிறுத்துங்கள்.

‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ படம் மாட்டியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை: ஊசிப்போன சாம்பாரில் உப்பைச் சரிபார்த்து என்ன பயன்? படத்தைக் கழற்றுங்கள். பாத்திர எடையைக் கைப்பக்குவத்திலேயே சொல்லிவிடும் பெரியவரிடம் கொள்முதலுக்குக் கூட வரச் சொல்லிக் கேளுங்கள். அவர் முகம் மாறும்.

மழை நாளில் பாதிப் பேர் வரவில்லை: அது அறிகுறியே இல்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்த பிறகு நாகை, திருவாரூர்ப் பக்கம் கூரை இல்லாத வீட்டிலிருந்து யார் வேலைக்கு வர முடியும்? அந்த வாரத்துக்குச் சம்பளம் பிடித்த இடங்களும் உண்டு, பிடிக்காத இடங்களும் உண்டு. எது எது என்று அவற்றில் வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

சரிசெய்த பிறகு

மூன்று சம்பளத் தேதிகள் போகும் வரை எதையும் எடைபோடாதீர்கள். முதல் மாதம் நிலைமை மோசமானது போலத்தான் தெரியும்: லீவு கேட்பது கூடும், இதுவரை வாய் திறக்காதவர்கள் மின்விசிறி ஓடவில்லை, ஓவர்டைம் கணக்கு தப்பு என்று வருவார்கள். பயந்து பழையபடி மாற்றிவிடாதீர்கள். பதிவேட்டில் சொல்லி எடுத்த லீவை நீல மையிலும் சொல்லாமல் எடுத்ததைச் சிவப்பிலும் எழுதி வாருங்கள். முதலில் சிவப்பு நீலமாகும், மொத்தம் அப்படியே இருக்கும். மொத்தம் குறைகிறதா என்று பார்க்க இன்னொரு சம்பா அறுவடை வரை ஆகும்.